சங்கவி இன்னும் எழவில்லை

எல்லாரும் கை தட்டுகிற வரைக்கும் தட்டக் கூடாது என்று ரூபி தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள். சொன்னது போதாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகி அதன்மேலேயே உட்கார்ந்தும் கொண்டாள். அவள் கைகளை நம்ப முடியாது. போன வாரம் எழும்பூரில் ஒரு ஆட்டம் பார்க்கப் போன இடத்தில், ஒருத்தன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றதும், சரி முடிந்தது என்று இவள் ஒருத்தி மட்டும் படபடவென்று தட்டிவிட்டாள். அத்தனை தலையும் திரும்பியது. நாற்காலிக்குள் இருந்தவன்கூடத் திரும்பின மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறமும் வெகுநேரம் ஓடியது அந்த ஆட்டம், வெகுநேரமும் நாற்காலிதான். மொக்கை என்று வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் பக்கத்தில் ஆள் இல்லை. ஆள் இருந்திருந்தால் அது சங்கவியாக இருந்திருக்கும், சங்கவிக்கு அது மொக்கையாக இருந்திருக்காது, அதுதான் இப்போது பிரச்சினை. இன்ஸ்டாவில் எவனோ, இந்த மழைக்காலத்தில் சென்னையில் தவறவிடக் கூடாத நவீன நடனங்கள் என்று வரிசையாகப் படம் போட்டிருந்தான். ரூபி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, காசு கேட்காததாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் போய்வந்தாள். எதுக்குடி இந்த மழையில் என்று அம்மா கேட்டதற்குச் சும்மா என்றாள். சும்மா இல்லை. அந்த வரிசையில் கடைசிப் படம் சங்கவி, கறுப்புக்குள் பாதி முகம், பெயர் கிடையாது, குழுவின் பெயர்தான். அவள் ஆடுகிற அன்றைக்கு, எங்கே சிரிக்கலாம் எங்கே கூடாது, எப்போது முடியும் என்றெல்லாம் தெரிந்த ஒருத்தியாகப் போய் உட்காரணும், அவ்வளவுதான் ரூபிக்கு. பரீட்சைக்கு இப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் போயிருக்காது. போனதை மறுபடி எழுது எழுது என்று எல்லாரும் சொன்னார்கள், எழுதவில்லை, பிடிக்கவில்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது. சங்கவி எழுதினாள், பாஸானாள், காலேஜ் போனாள், அங்கேயிருந்து இந்தக் குழுவுக்குப் போனாள். ஓட்டேரியில் அடுத்தடுத்த தெரு, ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச், ஆண்டு விழா, கோயில் திருவிழா, போட்டி என்று எந்த மேடையிலும் மைக்கில் ரூபி சங்கவி என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில்தான் கூப்பிடுவார்கள். இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வெயில் காலம் முழுசாகப் போய்விட்டது. போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது. வாசல்ல உன் பேர் சொல்லு, பாஸ் வெச்சிருக்கேன். கீழே ஒரு இதயம். அது சிவப்பு இல்லை, வெள்ளை. வெள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் தேடிக்கூடப் பார்த்தாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது இந்த ஹால். செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டார்கள். வேலையிலிருந்து நேராக வந்ததில் காலில் அந்த ஆரஞ்சு சாக்ஸ், அடியில் ரப்பர் பொட்டு வைத்தது. அண்ணா நகர் மாலில் குழந்தைகள் எகிறிக் குதிக்கிற ட்ராம்போலின் கூடத்தில் அவளுக்கு வேலை. சாக்ஸ் கொடுக்கிறது, சாக்ஸ் வாங்கிக்கொள்கிறது, நடுவில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறது. கழற்றிவிடலாமா என்று யோசித்தாள், தரை ஐஸ் மாதிரி இருந்தது, விட்டுவிட்டாள். மேடை என்று ஒன்று இல்லை. முதல் வரிசைக்கு முன்னாலேயே கறுப்பு ரப்பர் விரிப்பு ஆரம்பித்துவிடுகிறது, காலை நீட்டினால் மேடையில் இருக்கிறோம். பக்கத்தில் பருத்திப் புடவையும் மரமணி மாலையுமாக ஒரு அம்மா, இவள் சாக்ஸைப் பார்த்துச் சிரித்தாள், நல்ல சிரிப்புதான், ஆனால் யாரோடு வந்திருக்கிறாய் என்று கேட்டபோது டான்ஸரோட ஃப்ரெண்ட் என்று ரூபி சொன்ன குரல் அவளுக்கே பொய் மாதிரிக் கேட்டது. விளக்கு அணைந்தது. ஒரு ஓரமாக வெளிச்சம் வந்தது, அதற்குள் சங்கவி நடந்து வந்தாள். சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று ஒரு பேன்ட், தலையை இழுத்துக் கட்டியிருந்தாள், நெற்றியில் ஒன்றுமில்லை. எப்படி நடக்கிறாள் பாரு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறவள் மாதிரி. குழுவுக்கு ஆள் எடுத்த அன்றைக்கும் இப்படித்தான் நடந்தாள். அன்றைக்கு இரண்டு பேருமாகத்தான் போயிருந்தார்கள், குழு நடத்துகிற சார், தாடி வைத்தவர், ஆட வேண்டாம், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரைக்கும் சும்மா நட என்றார். ரூபி நடந்தாள், இடுப்பில் கை வைத்து, பாதியில் ஒரு திருப்பம், கடைசியில் ஒரு சிரிப்பு. தேங்க்யூ என்றார். சும்மா நட என்றால் எப்படி நடப்பது, யாராவது பார்க்கும்போது சும்மா நடக்க முடியுமா, அப்படி நடந்தால் அதற்கு எதற்கு டான்ஸ் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். சங்கவி ஜன்னல் பக்கம் திரும்பி, நீ சும்மா நடக்கவே இல்லடி, அவ்ளோதான், என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

இன்னொருத்தியும் வந்தாள், உயரம், குட்டை முடி, யாரென்று தெரியாது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஆடினார்கள், பாட்டு இல்லை, எங்கேயோ தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும், அது ஸ்பீக்கரிலிருந்தா நிஜமா என்று முதலில் தெரியவில்லை, வெளியேயும் பெய்துகொண்டுதானே இருந்தது. ஒரே மாதிரி கையை வீசுகிறார்கள், ஒரே மாதிரி திரும்புகிறார்கள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த உயரக்காரி நிற்கிற இடம் ரூபியின் இடம். அவளைவிட நான் வேகம் என்று நினைத்தாள். அவளைவிட நான் குள்ளம், அதனால் சங்கவிக்கு நான்தான் பொருத்தம் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே சங்கவி சுழன்றாள், இடது காலில் இறங்கினாள், விழுந்தாள். தொப்பென்று. கையை ஊன்றாமல், பக்கவாட்டில், இடுப்பும் தோளும் தரையில் மோத. பக்கத்து அம்மா பியூட்டிஃபுல் என்று மூச்சுக்குள் சொன்னாள். ரூபியின் கைகள் தொடைக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்துவிட்டன. இடது கால். இடது முட்டி. இந்த ஹாலில் அந்த முட்டியைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், சாருக்குத் தெரியாது, உயரக்காரிக்குத் தெரியாது, சங்கவியின் அம்மாவுக்கே லேசாகப் பிசகினது என்றுதான் தெரியும். ரூபி வீட்டு மொட்டை மாடியில், பள்ளிக்கூடப் போட்டிக்கு முந்தின மழையில், பாசி வழுக்கி இதே மாதிரித் திரும்பும்போது இதே காலில் விழுந்தாள். உள்ளே நார் கிழிந்திருக்கிறது, இனி குதிக்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை ரூபிதான் கூட நின்று கேட்டாள். யார்கிட்டயும் சொல்லாதடி, சொன்னா எவனும் என்ன சேத்துக்க மாட்டான், உங்க அம்மா மேல சத்தியம் பண்ணு. பண்ணினாள். இதுவரைக்கும் காப்பாற்றிவிட்டாள். அவளிடம் சங்கவியுடையது என்று மிச்சம் இருப்பது அந்தச் சத்தியம் ஒன்றுதான், வாட்ஸாப் பழைய படங்களை எல்லாம் போன் மாற்றும்போது கோட்டைவிட்டாயிற்று.

சரி, இப்போது எழுவாள். எழவில்லை. உயரக்காரி ஆடிக்கொண்டே இருந்தாள், விழுந்து கிடக்கிறவளைச் சுற்றி, அவளைப் பார்க்காமலேயே. பார்க்காமல் எப்படி ஆடுகிறாள். டேனி மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார், பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவர், பபிள்கம் மென்றுகொண்டே, ஒருத்தி விழுந்தா இன்னொருத்தி நிறுத்தாத, நீ நிறுத்தினாத்தான் அவ விழுந்ததே ஜனத்துக்குத் தெரியும், என்பார். எல்லா மாஸ்டரும் சொல்கிறதுதான். அந்தக் குட்டை முடிக்கும் எவனாவது சொல்லியிருப்பான். அப்படியென்றால் இது நிஜம். இல்லை, இந்த மாதிரி ஆட்டத்தில் விழுவதுதானே வேலையே, போன வாரமும் அதற்கு முந்தியும் பார்த்ததில் விழாதவன் யார், புரள்வதும் கிடப்பதும்தான் பாதி நேரம். அப்படியென்றால் இது ஆட்டம். ஆனால் கையை ஊன்றவில்லையே, ஆட்டமாக இருந்தால் கையை ஊன்றி மெதுவாக இறங்கத்தானே சொல்லிக்கொடுப்பார்கள். வேலையில் சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் அண்ணன் ஒன்று சொன்னார், விழுந்த புள்ள அழுதா விட்டுடும்மா, அழலன்னா விசில் அடிச்சு எல்லாத்தையும் நிறுத்திட்டு ஓடு. சங்கவி அழவில்லை. கண் மூடியிருந்தது. விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன, ரப்பரைப் பிடிக்க முடியுமா, பிடிப்பதற்குப் பார்த்துக்கொண்டிருந்தன. கழுத்தில் விசில் இல்லை, லாக்கரில் வைத்துவிட்டு வந்துவிட்டாள், இருந்தால் மட்டும் இங்கே ஊதிவிடுவாளா, இந்த அம்மாவும் அந்தத் தாடியும் இத்தனை பேரும் இருக்கிற இடத்தில். ஊதி, அது ஆட்டமாக இருந்துவிட்டால். சங்கவி இனிமேல் முகத்தில் முழிக்கமாட்டாள். ஊதாமல், அது முட்டியாக இருந்துவிட்டால். இப்போதே தூக்கினால் ஐஸ் வைக்கலாம், அன்றைக்கு அப்படித்தான் டாக்டர் திட்டினார், ஏம்மா இவ்ளோ நேரம் கழிச்சு என்று. எவ்வளவு நேரம். கொஞ்ச நேரம்தான். பாட்டு முடிகிற வரைக்கும்தான். அன்றைக்குச் சங்கவி விழுந்ததும் ரூபி நிறுத்தவில்லை, மாடியில் ஜனம் யாரும் இல்லை, தண்ணி டேங்க்தான் இருந்தது, ஆனாலும் உடம்பு பாட்டுக்கு ஆடியது, ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட், எழுந்து சேர்ந்துகொள்வாள் என்று நினைத்தாள், நினைத்தாளா, நினைக்கவே இல்லையா. அதற்கப்புறம் முதுகில் தூக்கிக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கினது யார். ஆட்டோ பிடித்தது யார். வலி வலி என்று அவள் கடித்த தோளில் ஒரு வாரம் பல் தடம் இருந்ததே, அது யார் தோள்.

இப்போதும் தூக்கலாம். தூக்கி, வழி விடுங்க என்று இந்தப் பருத்திப் புடவையை எல்லாம் ஒதுக்கி, வெளியே மழையில் கையை நீட்டி ஆட்டோ நிறுத்தி, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணா என்று சொல்லி, சங்கவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. கூட யாரும்மா என்று நர்ஸ் கேட்பார்கள், நான்தான் என்று சொல்லலாம். உள்ளே விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்கு போன் செய்து, ஒண்ணுமில்ல ஆன்ட்டி, நான் இருக்கேன். ராத்திரி அங்கேயே இருக்கலாம். வேலைக்கு லீவு சொல்லலாம். கட்டு போட்டால் அவளுக்கு மாடி ஏற முடியாது, காலேஜ் போக முடியாது, ஆடவே முடியாது, தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்துகொண்டு கேவலமான வீடியோவாகப் பார்த்து இரண்டு பேரும் சிரிக்கலாம். ஆட்டோ சீட்டின் ஈரம் வரைக்கும் ரூபிக்குத் தெரிந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று தெரிந்ததும் திக்கென்றது, உடனே அதை அப்பால் தள்ளிவிட்டு மறுபடி சங்கவியைப் பார்த்தாள். இன்னும் எழவில்லை. மழைச் சத்தம் கூடிக்கொண்டே போனது. உயரக்காரி இப்போது நின்ற இடத்திலேயே ஆடினாள், வேகமாக, மூச்சு வாங்க, முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருந்தால் ரூபி உட்கார்ந்தே இருந்திருப்பாள். திரும்பவே இல்லை. சங்கவியின் இடது பாதம் ஒரு தரம் வெட்டி இழுத்தது. அவ்வளவுதான், அதற்குமேல் யோசிக்கவில்லை, எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. பக்கத்து அம்மா காலை மடக்கி வழிவிட்டாள், என்னவோ இதுவும் நிகழ்ச்சியில் உண்டு என்கிற மாதிரி. ரப்பர் விரிப்பில் சாக்ஸ் ஒவ்வொரு அடிக்கும் கிறீச் கிறீச் என்றது. வெளிச்சத்துக்குள் போனதும் உட்கார்ந்திருந்தவர்கள் யாருமே இல்லாமல் போய்விட்டார்கள், பின்னால் ஒரே இருட்டு, எதிரில் தரையில் சங்கவி.

மண்டி போட்டாள். வேர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே வாசனை வந்தது. சங்கவி கண்ணைத் திறந்தாள்.

"என்னடி?" உதடு அசையாமல் கேட்டாள்.

"முட்டியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. கையக் குடு, தூக்கறேன்."

"லூசு. முட்டி நல்லாத்தான் இருக்கு." சங்கவி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்க மாடில நடந்ததுதான் இது. சார்கிட்ட சொன்னேன், வெச்சிட்டாரு. லைட் போற வரைக்கும் நான் எழுந்துக்கவே மாட்டேன்."

"அப்ப அவ?"

"அவதான் நீ."

முட்டிக்கு ஒன்றுமில்லை. ஆட்டோ இல்லை, ராயப்பேட்டை இல்லை, பெஞ்ச் இல்லை, நான் இருக்கேன் ஆன்ட்டி இல்லை. ரூபிக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது, முகம் தொங்கிப்போனது, தொங்குவது அவளுக்கே தெரிந்தது, உடனே மாற்றிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. இருட்டாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். பளீரென்று தலைக்குமேல் விளக்கு. சங்கவி கீழேயிருந்து அந்த முகத்தை முழுசாகப் பார்த்துவிட்டாள். கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள், தூக்கம் வந்தவள் மாதிரி இல்லை, கதவைச் சாத்துகிறவள் மாதிரி. ரூபிக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். உயரக்காரி ஆடிக்கொண்டிருந்தாள், இப்போது தெரிந்தது, தோளை முன்னால் தள்ளுவது, திருப்பத்தில் டி-ஷர்ட்டை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொள்வது, எல்லாம் இவள் செய்கிறதுதான், சங்கவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இவ்வளவையும் பார்த்து வைத்திருந்திருக்கிறாள். நன்றாக ஆடினாள் உயரக்காரி. ரூபியைவிட நன்றாகவே ஆடினாள், யாருமில்லாத மாடியில் தனக்கு மட்டும் கேட்கிற பாட்டுக்கு ஆடுகிற ஒரு கொழுப்புப் பிடித்த பெண்ணை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கீழ தூக்கிட்டு வந்தேனே," என்றாள் ரூபி. "அது எப்ப வரும்?"

சங்கவி கண்ணைத் திறக்கவில்லை. "அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

முடிந்தது. மழைச் சத்தம் நின்றது, விளக்கு அணைந்தது, இந்தத் தடவை ரூபிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. யாரும் எதுவும் செய்வதற்கு முன்னால் ஒரு கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாத இருட்டு இருந்தது. அதற்குள் சங்கவி எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது, முட்டி சொடக்கு விடுவதுகூடக் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் அவள் குரல், டி இல்லாமல், பெயரை முழுசாகச் சொல்லி.

"நாளைக்கும் இருக்கு, ரூபி."

"வரல," என்றாள் ரூபி.

"ம்."

அதற்கப்புறம்தான் சத்தம் எழும்பியது, கைகள், கைகள், பின்னாலிருந்து ஒருத்தர் விசிலே அடித்தார், விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஹால் முழுக்க முகமாகிவிட்டது. பக்கத்து நாற்காலி அம்மா எழுந்து நின்று இவளைப் பார்த்து, இவளைத்தான் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தாடி சார் நின்றுகொண்டு, கோபமா சந்தோஷமா என்று தெரியாத ஒரு முகத்தோடு இவள் சாக்ஸைப் பார்த்தார். ரூபி நைசாக நகர்ந்து இருட்டான பக்கம் போகப் பார்த்தாள், அதற்குள் யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார்கள். உயரக்காரிதான். உள்ளங்கை முழுக்க ஈரம், சூடு, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், இவள் யாரென்று தெரியாமல், உதவிக்கு வந்த யாரோ ஒரு நல்ல பெண் என்று நினைத்துச் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் சங்கவி. நடுவில் அந்த ஒருத்திதான். எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு குனிந்தார்கள், ரூபியும் குனிந்தாள். திருவிழா மேடையில் இதெல்லாம் கிடையாது, ஆடி முடித்தால் ஓடிப்போய்விடலாம். எவ்வளவு நேரம் குனிந்திருக்கணும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று இருந்தாள். நிமிர்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் எப்போதோ நிமிர்ந்திருந்தார்கள்.